தராசு கூறியதும் கைக்கருவி கேட்டதும்: தொடர்த்துறைப் பிழைகளை ஆராயும் முறை

மலையகத் தோட்டங்களில் முற்காலத்தில் பொழுது புலர்வதற்கு முன்னரே பிரட்டுத் தப்பு ஒலிக்கும். அவ்வொலி கேட்டு லயங்களிலுள்ளோர் துயிலெழுந்து பிரட்டுக்களம் நோக்கிச் செல்வர். அதே தப்பு திருவிழாவிலும் ஒலிக்கும், சாவீட்டிலும் ஒலிக்கும். கருவி ஒன்றே, தோலும் ஒன்றே. ஆயினும் அடியின் விரைவையும் இடைவெளியையும் கொண்டு இது வேலைக்கு அழைப்பது, இது துயரம் அறிவிப்பது என்று கேட்போர் பிரித்தறிந்தனர். அடிப்பவனும் கேட்பவனும் ஒரே உடன்பாட்டுக்கு உட்பட்டிருந்தமையே அதற்குக் காரணமாகும். அவ்வுடன்பாடு இல்லாத ஒருவனுக்கு அது வெற்றோசையே.

இக்காலத்துக் கருவிகள் ஒன்றோடொன்று உரையாடும் முறையும் இத்தன்மையதே. தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மின்தராசு, மழையை அளக்கும் தானியங்கி மானி, இவற்றின் அளவுகளைப் பதிந்துகொள்ளும் கைக்கருவி ஆகியன ஒரு மெல்லிய கம்பியின் வழியே ஒன்றன்பின் ஒன்றாகத் துடிப்புக்களை அனுப்பியே தம்முட் பேசிக்கொள்கின்றன. அக்கம்பி வந்து பொருந்தும் வாயிலே தொடர்த்துறை எனப்படும். அதன் வழி நிகழும் உரையாடலில் எத்தகைய பிழைகள் நேரக்கூடும் என்பதையும், அவற்றை எவ்வொழுங்கில் ஆராய்ந்து நீக்கலாம் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதுபவன் வெளிவாரியாகப் பயின்று கலைப்பட்டம் பெற்ற ஓர் ஆசிரியன். மின்னியலை முறையாகக் கற்றவன் அல்லன். ஹல்துமுல்லைப் பகுதியிலே நேர்ந்த ஒரு நிகழ்ச்சி என்னை இத்துறையிற் புகுத்தியது. அதனை முதலிற் கூறி, பின்னர் அதன் காரணத்தை ஆராய்வது பொருத்தமாகும்.

ஒரு வாரத்துக் கொழுந்துக் கணக்கு

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை வழியாக வெல்லவாய செல்லும் நெடுஞ்சாலையில், பெரகலைக்குச் சற்று முன்னதாக மலைச்சரிவில் அமைந்துள்ளது ஹல்துமுல்லை. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஊவா மலைகளின் மேல் வரண்ட காற்று வீசும். அக்காலத்திலே தேயிலையின் மணம் மிகும். கொழுந்தின் அளவோ குறையும். சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகையதொரு பருவத்தில், என் வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தி ஒரு கட்டுத் துண்டுச்சீட்டுக்களை என்னிடம் கொண்டுவந்தாள். அவள் தாய் அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவர். ஆறு நாட்களாக அவருக்கு அரைப்பேரே எழுதப்பட்டிருந்தது.

தோட்டம் வகுத்த அளவை எட்டியவருக்கு முழுப்பேரும், எட்டாதவருக்கு அரைப்பேரும் எழுதுவது அங்குள்ள வழக்கம். அவ்வளவு அத்தோட்டத்தில் 18 கிலோவாக இருந்தது. காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் கொழுந்து நிறுக்கப்படும். தராசின் முகப்பில் தோன்றும் எடை கம்பி வழியே கணக்கப்பிள்ளையின் கையிலுள்ள கருவிக்குச் செல்லும். கருவி அதனைப் பெயரோடு பதிந்து சீட்டாக அச்சிட்டுத் தரும். மாணவியின் தாய் ஒருநாள் தராசின் முகப்பிற் கண்ட எடைகள் 6.5, 13.0, 8.5 என்பன, கூட்டினால் 28 கிலோ. சீட்டில் இருந்தனவோ 6.5, 3.0, 0.5 என்பன, கூட்டினால் 10 கிலோ.

முறையிட்டவர் இவர் ஒருவரல்லர். அந்நிறுவை மடுவத்திற்கு வந்த பெண்கள் பலரும் முறையிட்டிருந்தனர். வரட்சிக் காலத்தில் கொழுந்து குறைவது இயல்பென்றும், கருவி ஒருவருக்கு வேண்டியும் மற்றவருக்கு வேண்டாமலும் எழுதாதென்றும் அவர்களுக்கு மறுமொழி கிடைத்தது. இம்மறுமொழியில் உண்மையும் இருந்தது, பிழையும் இருந்தது. கருவிக்கு வேண்டியவர் வேண்டாதவர் இல்லை என்பது உண்மை. ஆனால் கேட்டதைச் சரியாகவே கேட்டது என்பதற்கு அதுவே சான்றாகாது.

மாணவி சீட்டுக்களை மட்டும் கொண்டுவரவில்லை. தாயும் அயலவரும் நினைவிலிருந்து கூறிய எடைகளை ஒரு தாளின் இடப்பக்கத்திலும், சீட்டிலுள்ளவற்றை வலப்பக்கத்திலும் எழுதியிருந்தாள். அதனைப் பார்த்தவிடத்து ஒன்று புலனாயிற்று. வலப்பக்கத்தில் 0, 3, 5, 6, 9 என்னும் இலக்கங்கள் மட்டுமே காணப்பட்டன. 1, 2, 4, 7, 8 என்னும் ஐந்து இலக்கங்களும் ஆறு நாட்சீட்டுக்களில் ஓரிடத்தேனும் இல்லை. வஞ்சகம் செய்வோன் இவ்வளவு ஒழுங்காகச் செய்யான். சோர்வினால் தவறுவோனும் இவ்வளவு ஒழுங்காகத் தவறான். ஒழுங்கான பிழைக்கு ஒழுங்கான காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணத்தை அறிய, துடிப்புக்கள் எழுத்தாகும் முறையை நோக்குதல் அவசியமாகும்.

துடிப்பு எழுத்தாகும் வகை

தந்திமுறையில் ஐந்து துடிப்புக்களால் ஓர் எழுத்தைக் குறிக்கும் ஏற்பாட்டை 1874ஆம் ஆண்டளவில் அமைத்தவர் எமிலி போடோ என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர். அவர் பெயராலேயே துடிப்பின் விரைவை அளக்கும் அலகு இன்றும் 'போட்' என வழங்குகின்றது. பின்னர் 1963இல் ஏழு துடிப்புக்களால் 128 குறிகளைச் சுட்டும் 'அஸ்கி' முறை வகுக்கப்பட்டது. இரு கருவிகளை இணைக்கும் கம்பியில் மின்னழுத்தம் எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பதை வரையறுக்கும் 'ஆர்.எஸ்.232' என்னும் நியமம் 1960இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. இவை யாவும் பழையனவாயினும் வழக்கொழிந்தனவல்ல. 1996இல் யூ.எஸ்.பி. முறை வந்த பின்னர் வீட்டுக் கணினிகளிலிருந்து தொடர்த்துறை படிப்படியாக மறைந்தது. தராசு, மானி, தொழிற்சாலைக் கருவி ஆகியவற்றில் இன்றும் நிலைபெற்றுள்ளது.

ஒவ்வொரு துடிப்பும் ஒன்று அல்லது பூச்சியம் என்னும் இரண்டில் ஒன்றைக் குறிக்கும். இதனைப் பிற்று என்பர். கம்பியிலே பேச்சில்லாத பொழுது அது 'ஒன்று' என்ற நிலையில் ஓய்ந்திருக்கும். பேசத் தொடங்கும் கருவி முதலிற் பூச்சியமொன்றை அனுப்பும். இது தொடக்கப் பிற்று. 'கேள்' என்று அழைப்பதற்கு ஒப்பானது. அதன்பின் எழுத்தைக் குறிக்கும் பிற்றுக்கள் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் வரும். இறுதியில் 'ஒன்று' என்னும் நிறுத்தப் பிற்று வரும். தொடக்கம் ஒன்று, எழுத்து எட்டு, நிறுத்தம் ஒன்று எனப் பத்துப் பிற்றுக்கள் சேர்ந்து ஓர் எழுத்தாகும். விரைவு 9600 போட் ஆயின் ஒரு செக்கனில் 960 எழுத்துக்கள் செல்லும். ஒரு பிற்று நிலைக்கும் காலம் ஏறத்தாழ 104 மைக்குரோசெக்கன்.

இவ்விரு கருவிகளுக்கும் பொதுவான மணிக்கூடு இல்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கேட்கும் கருவி தொடக்கப் பிற்றைக் கண்டவுடன் தன் சொந்த மணிக்கூட்டால் அரைப்பிற்றுக் காலம் காத்திருந்து, அதன் பின்னர் ஒவ்வொரு பிற்றின் நடுப்பகுதியிலும் கம்பியை நோக்கும். நிறுத்தப் பிற்றின் நடுவை அடையும்போது ஒன்பதரைப் பிற்றுக்காலம் கழிந்திருக்கும். அதற்குள் இரு மணிக்கூடுகளுக்குமிடையே அரைப்பிற்றுக்கு மேல் வேறுபாடு நேர்ந்தால் எழுத்துக் கெடும். ஒன்பதரையில் அரை என்பது நூற்றுக்கு ஐந்து அளவாகும். ஆகவே விரைவில் நூற்றுக்கு இரண்டு மூன்று வேறுபாட்டைக் கருவி பொறுத்துக்கொள்ளும். ஒன்று 9600 எனவும் மற்றது 4800 எனவும் வைத்திருப்பதை ஒருபோதும் பொறாது.

இனி, ஐந்து இலக்கங்கள் மறைந்த காரணத்தைக் காண்போம். சில கருவிகள் எழுத்துக்கு எட்டுப் பிற்றுக்களைக் கொள்ளாமல் ஏழினைக் கொண்டு, எட்டாவது இடத்தை ஒரு காவற் பிற்றுக்கு விட்டுவைக்கும். ஏழு பிற்றுக்களில் உள்ள 'ஒன்று'களின் தொகை ஒற்றையாயின் காவற் பிற்றும் ஒன்றாகும். இரட்டையாயின் அது பூச்சியமாகும். இவ்வாறு மொத்தம் எப்பொழுதும் இரட்டையாகவே இருக்கும். கேட்கும் கருவி கூட்டிப் பார்த்து, ஒற்றையாக வந்தால் வழியிற் பிழை நேர்ந்ததென அறியலாம். இது நல்லதோர் ஏற்பாடே. ஆனால் கேட்கும் கருவி இவ்வேற்பாட்டை அறியாது, எட்டுப் பிற்றும் எழுத்தே என்று கொள்ளுமாயின் என்னாகும்?

அஸ்கி முறையில் 5 என்னும் இலக்கத்தின் குறி 0110101. இதில் நான்கு ஒன்றுகள் உள்ளன. காவற் பிற்றுப் பூச்சியம். ஆகவே குறி மாறாது. 8 என்னும் இலக்கத்தின் குறி 0111000. இதில் மூன்று ஒன்றுகள் உள்ளன. காவற் பிற்று ஒன்றாகும். எட்டாவது பிற்றின் பெறுமதி 128 ஆகலின், 56 என்று சென்ற குறி 184 என்று வந்து சேரும். 184 என்னும் குறி எந்த இலக்கத்துக்கும் உரியதன்று. இவ்வாறே 1, 2, 4 என்பவற்றில் மும்மூன்று ஒன்றுகளும், 7இல் ஐந்து ஒன்றுகளும் உள்ளன. 0இல் இரண்டும், 3, 5, 6, 9 என்பவற்றில் நந்நான்கும் உள்ளன. புள்ளிக்குரிய 0101110 என்னும் குறியிலும் நான்கே. எனவே முன்னைய ஐந்து இலக்கங்களும் உருக்குலைந்து வந்தன. பின்னைய ஐந்தும் புள்ளியும் பழுதின்றி வந்தன. கைக்கருவியின் மென்பொருளோ, இலக்கமல்லாத குறி எதனையும் கழித்துவிடுமாறு எழுதப்பட்டிருந்தது. 13.0 இல் 1 கழிந்தது, 3.0 எஞ்சிற்று. 8.5 இல் 8 கழிந்தது, அரைக்கிலோ எஞ்சிற்று.

இதிற் கொடுமை யாதெனின், ஏழும் காவலும் சேர்ந்தாலும் எட்டே. காவலின்றி எட்டானாலும் எட்டே. இருவகையிலும் பத்துப் பிற்றுக்களே செல்வதால் கேட்கும் கருவிக்கு எவ்வித ஐயமும் எழாது. விரைவு பொருந்தாவிடின் யாவும் குழம்பி எவர் கண்ணுக்கும் புலப்படும். இப்பிழையோ மெய்போலத் தோன்றிற்று. அதனாலேயே ஆறு நாட்கள் நிலைத்தது.

தோட்டத்தில் கணக்கப்பிள்ளையின் இசைவோடு தராசைப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு முன்னர் அதன் மின்கலம் முற்றாக வற்றிப் புதியது இடப்பட்டிருந்தது. அப்போது தராசு தன் அமைப்புக்களை மறந்து, செய்தவர் வைத்த பழைய அமைப்புக்கு மீண்டிருந்தது. ஏழு பிற்று, இரட்டைக் காவல் என்பதே அவ்வமைப்பு. தராசுகளில் இது அரிதன்று. விரைவு மட்டும் தற்செயலாக ஒத்திருந்தது. அமைப்பை மாற்ற மூன்று நிமிடம் போதுமாயிருந்தது.

கணக்கைத் திருத்துவதற்குத்தான் நாட்கள் சென்றன. ஆலையில் லொறியோடு நிறுத்த மொத்தக் கொழுந்து, களத்திற் பதிந்த தொகையினும் மிகுந்திருந்ததை ஆலைப் புத்தகம் காட்டிற்று. பறித்தது மெய்யே என்பதற்கு அது மறுக்கலாகாச் சான்றாயிற்று. நான்கு நாட்களுக்குக் கங்காணி ஒருவர் தம் பழைய பழக்கத்தினாற் குறிப்புப் புத்தகத்தில் எடைகளைக் கையால் எழுதி வைத்திருந்தார். அவை அவ்வாறே திருத்தப்பட்டன. எஞ்சிய இரு நாட்களுக்கு மொத்தம் தெரிந்தது; யார் யார் எவ்வளவு பறித்தனர் என்பது தெரியவில்லை. அவ்விரு நாட்களுக்கும் எல்லாருக்கும் முழுப்பேர் எழுதுவதென முடிவாயிற்று. 18 கிலோவுக்கு மேற் பறித்தவர்களுக்குரிய மேலதிகக் காசு அவர்களுக்குக் கிடைக்கவேயில்லை. கருவி ஒருமுறை இழந்ததை மீட்கும் கருவி இல்லை.

பிழையை ஆராயும் ஒழுங்கு

இந்நிகழ்ச்சியின் பின்னர் இத்தகைய கருவிகள் பல என்னிடம் வந்தன. அவற்றால் நான் அறிந்த ஒழுங்கை மாணவர்க்குப் பயன்படுமாறு கூறுகின்றேன். வைத்தியர் முதலில் நோயின் குறியை நோக்குவர். மருந்துப் பெட்டியைத் திறப்பது பின்னரே. நாமும் அவ்வாறே முதலிற் குறியை நோக்குதல் வேண்டும்.

குறிகள் ஐந்து வகைப்படும். ஒன்றுமே வரவில்லையாயின் கம்பி, துறை, இசைவுக்கம்பி ஆகியவற்றில் ஒன்று பழுது. வருவது யாவும் பொருளற்ற குறிகளாயின் விரைவு பொருந்தவில்லை. அல்லது பின்னர்க் கூறப்படும் மின்னழுத்த வகை வேறுபட்டது. சில எழுத்துச் சரியாகவும் சில பிழையாகவும் ஓர் ஒழுங்கோடு வருமாயின் பிற்றின் தொகையோ காவற் பிற்றோ பொருந்தவில்லை. தொடக்கம் சரியாக வந்து பின்னர் இடையிடையே விடுபடுமாயின் கேட்கும் கருவியால் ஈடுகொடுக்க இயலவில்லை. எப்பொழுதாவது ஒழுங்கின்றிப் பிழைக்குமாயின் கம்பியின் நீளம், ஈரம், தளர்ந்த இணைப்பு ஆகியவற்றை ஐயுறுதல் வேண்டும்.

குறியை அறிந்த பின்னர், பேசுவது, கொண்டுசெல்வது, கேட்பது என்னும் மூன்றில் எது பழுதென்று பிரித்தறிய வேண்டும். இதற்கு மிக எளிய சோதனை ஒன்றுண்டு. ஒன்பது ஊசித் துறையில் இரண்டாவது ஊசியும் மூன்றாவது ஊசியும் ஒன்று கேட்பதற்கும் மற்றது பேசுவதற்கும் உரியன. ஐந்தாவது பொது நிலக்கம்பி. கம்பியின் நுனியில் இரண்டையும் மூன்றையும் ஒரு சிறு செப்புக்கம்பியால் இணைத்துவிட்டு, கைக்கருவியிலிருந்து ஏதேனும் எழுத்தை அனுப்பினால் அது தன் குரலைத் தானே கேட்கும். எழுத்துத் திரையில் மீண்டு தோன்றினால் கைக்கருவி, அதன் மென்பொருள், கம்பி ஆகிய மூன்றும் நலமே, பழுது அப்பாலுள்ளது. தோன்றாவிடின் கம்பியை நீக்கிக் கருவியின் துறையிலேயே இச்சோதனையைச் செய்க. அங்கே தோன்றினால் பழுது கம்பியில். அங்கும் தோன்றாவிடின் கருவியில். ஒவ்வொரு சோதனையும் ஐயத்தைப் பாதியாக்கும். ஆயினும் ஒரு வரம்பை மறத்தலாகாது: தன்னோடு தானே பேசும் கருவி எந்த அமைப்பிலும் தன்னோடு உடன்படும். ஆகவே விரைவு, காவற் பிற்று ஆகியவற்றின் பொருத்தத்தை இச்சோதனை காட்டாது.

அடுத்து, பேசுவதும் கேட்பதும் தக்கவாறு எதிரெதிராக இணைந்துள்ளனவா என்று அறிதல் வேண்டும். இருவரும் ஒரே கம்பியிற் பேசி, ஒரே கம்பியிற் செவிசாய்த்தால் உரையாடல் நிகழாது. இதனைப் பல்மானியால் அறியலாம். கருவியை இயக்கி, மற்றொன்றோடு இணைக்காது, கரிய முனையை ஐந்தாவது ஊசியிலும் சிவந்த முனையை முறையே மூன்றாவதிலும் இரண்டாவதிலும் வைத்துப் பார்க்க. எதில் ஐந்து முதற் பன்னிரண்டு உவோற்று வரை மறைப்பெறுமதி காணப்படுகின்றதோ, அதுவே அக்கருவி பேசும் ஊசி. மற்றைய கருவியையும் இவ்வாறே சோதிக்க. இரண்டும் ஒரே எண்ணுள்ள ஊசியிற் பேசுமாயின் குறுக்காக மாற்றிய கம்பி வேண்டும்; வேறு ஊசிகளிற் பேசுமாயின் நேர்க்கம்பி வேண்டும். பார்வைக்கு இருவகைக் கம்பியும் ஒன்றுபோலவே இருக்கும். சோதித்தறிந்தவுடன் கம்பியில் ஒரு பெயர்த்துண்டு கட்டிவிடுதல் பின்னர்ப் பெருந்தொல்லையைத் தவிர்க்கும்.

ஓய்வு நிலையில் மறைப்பெறுமதி ஏன் என்னும் வினா எழலாம். ஆர்.எஸ்.232 நியமத்தில் 'ஒன்று' என்பது மறை மூன்று உவோற்றுக்குக் கீழும், 'பூச்சியம்' என்பது நேர் மூன்றுக்கு மேலும் கொள்ளப்படும். இடைப்பட்ட பகுதி எதற்கும் உரியதன்று. சிறு மின்சலனங்கள் எழுத்தென மயங்காதிருத்தற்கே இவ்விடைவெளி. ஆனால் சில சிறு கருவிகளும் மின்சுற்றுப் பலகைகளும் பூச்சியத்துக்குப் பூச்சிய உவோற்றையும், ஒன்றுக்கு 3.3 அல்லது 5 உவோற்றையும் கொள்வன. ஓய்விலே மறைப்பெறுமதிக்குப் பதிலாக 3.3 அல்லது 5 காணப்பட்டால் அது இவ்வகையைச் சேர்ந்தது. இவற்றை நேராக ஆர்.எஸ்.232 துறையோடு இணைத்தல் ஆகாது. எழுத்துக் குழம்புவதோடு கருவியும் எரிந்துபோகலாம். இருவகைக்குமிடையே மாற்றித் தரும் சில்லு வேண்டும். 1987இல் வெளிவந்த 'மாக்ஸ்232' என்பது அவற்றுள் நன்கறியப்பட்டது.

கம்பி நலமெனக் கண்டபின் நான்கு அமைப்புக்களை இரு கருவிகளிலும் ஒப்பிடுக: விரைவு, எழுத்துப் பிற்றுக்களின் தொகை, காவற் பிற்று, நிறுத்தப் பிற்று. கையேடு கிடையாவிடின், ஏனையவற்றை எட்டு, காவலின்மை, ஒன்று என வைத்து, விரைவை மட்டும் 1200, 2400, 4800, 9600, 19200 என மாற்றிப் பார்க்க. ஓரிடத்தில் எழுத்துக்களிற் பாதியேனும் தெளியும். அவ்விரைவை நிறுத்திக்கொண்டு காவற் பிற்றை மாற்றுக. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். மாற்றிய ஒவ்வொன்றையும் தாளில் எழுதுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றியவன் எது மருந்தாயிற்று என்று அறியான்.

நான்கும் பொருந்தியும் பேச்சு நிகழாவிடின் இசைவு முறையை நோக்குக. சில கருவிகள் 'அனுப்பலாமா' என்று ஏழாவது ஊசியால் வினாவி, 'அனுப்புக' என்னும் இசைவை எட்டாவது ஊசியால் எதிர்நோக்கும். மூன்று கம்பிகள் மட்டுமே உள்ள இணைப்பில் அவ்விசைவு ஒருபோதும் வராது. கருவி வாய்மூடியே இருக்கும். மென்பொருளில் இம்முறையை நீக்கலாம். அன்றேல் அத்துறையிலேயே ஏழையும் எட்டையும் இணைத்துத் தனக்குத் தானே இசைவு அளிக்கச் செய்யலாம். இதற்கு மாறாக, தொடக்கம் சரியாக வந்து பின்னர் விடுபடும் கருவிக்கு இம்முறையை வேண்டுமென்றே ஏற்படுத்துதல் நன்று. அல்லது விரைவைக் குறைத்தல் வேண்டும்.

இக்காலக் கைப்பேசிகளிலும் மடிக்கணினிகளிலும் தொடர்த்துறை இல்லாமையால் யூ.எஸ்.பி. மாற்றி ஒன்றை இடையில் வைப்பர். அதற்குரிய செலுத்தி மென்பொருள் பொருந்தாவிடினும், கணினி அதற்கு வேறொரு துறையெண்ணைக் கொடுத்துவிடினும், வேறொரு மென்பொருள் அத்துறையை முன்னரே பிடித்துக்கொண்டிருப்பினும் ஒன்றுமே வராது. முன்கூறிய தற்குரற் சோதனை இதனையும் வெளிப்படுத்தும்.

இறுதியாக, எம்மூருக்கே உரிய காரணம் ஒன்றுண்டு. மூடுபனியும் தூறலும் நாடோறும் வந்துபோகும் மலையில் ஊசிகளிற் பச்சைக் களிம்பு படியும். நிறுவை மடுவத்திற் கம்பி நாளுக்கு மூன்றுமுறை செருகிக் கழற்றப்படுவதால் உள்ளே இழை அறுந்து, வெளியே உறை நலமாக இருக்கும். கம்பியை மெல்ல வளைத்துக்கொண்டே எழுத்தை அனுப்பிப் பார்த்தால் அறுந்த இடம் தெரியவரும். கம்பியின் நீளமும் 15 மீற்றருக்குள் இருத்தல் நன்று. விரைவு கூடுந்தோறும் கொள்ளத்தக்க நீளம் குறையும்.

தமிழ்ப் பெயர்களைக் கருவியில் எழுத விரும்புவோர் பிறிதொன்றையும் கருத்திற் கொள்க. யுனிகோட்டின் யூ.டி.எப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றுக்களாகச் செல்லும். அம்மூன்றிலும் எட்டாவது பிற்று ஒன்றே. ஏழு பிற்று வழியில் அவ்வெட்டாவது பிற்று இழக்கப்படும். பெயர் முழுவதும் சிதையும். எண் சரியாகச் சென்று பெயர் மட்டும் சிதைந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். தொழிலாளி ஒருவரின் பெயர் அவர் மொழியிலேயே எழுதப்படுதற்கு எட்டாவது பிற்று இன்றியமையாதது.

மழையின் கணக்கு

கொழுந்தின் கணக்கிற் பிழைத்தால் கூலி குறையும். மழையின் கணக்கிற் பிழைத்தால் நேர்வது வேறு. தானியங்கி மழைமானியினுள் தராசுத் தட்டுப் போன்ற இரு சிறு கிண்ணங்கள் உள்ளன. பலவகை மானிகளில் 0.2 மில்லிமீற்றர் மழைக்கு ஒருமுறை கிண்ணம் சரிந்து நீரைக் கொட்டும். ஒவ்வொரு சரிவும் ஒரு துடிப்பு. 375 துடிப்பு 75 மில்லிமீற்றராகும். 750 துடிப்பு 150 மில்லிமீற்றராகும். மண்சரிவு அபாயத்தைக் கணிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருத்தல், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல், 150ஐத் தாண்டினால் வெளியேறுதல் என அளவுகளை மக்களுக்கு அறிவுறுத்தி வந்துள்ளது.

மேலே விளக்கிய காவற் பிற்றுப் பிழை அத்தகைய மானிக்கும் கைக்கருவிக்குமிடையே நேர்ந்ததாகக் கற்பனை செய்க. 75 என்பதில் 7 கழிந்து 5 எஞ்சும். 100 என்பதில் 1 கழிந்து வெறும் பூச்சியங்கள் எஞ்சும். 150 என்பதில் 1 கழிந்து 50 எஞ்சும். வெளியேற வேண்டிய இரவில், விழித்திருக்கவும் வேண்டியதில்லை என்று கருவி காட்டும். இஃது உதாரணமேயன்றி நிகழ்ந்த செய்தி அன்று. ஆயினும் மானியொன்றை நிறுவுவோர் எவரும் கிண்ணத்தில் அளந்த நீரை ஊற்றி, 0 முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் மறுமுனையிற் சரியாகத் தோன்றுகின்றனவா என்று சோதித்த பின்னரே அதனை நம்புதல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டா.

ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் அபாயமானதென்று 2005இலும் 2011இலும் மேற்கூறிய நிறுவனம் எச்சரித்திருந்தது. ஆங்கே கம்பி அறுந்திருக்கவில்லை, விரைவும் பிழைக்கவில்லை. சொல்ல வேண்டியது சொல்லப்பட்டது. ஆயினும் அச்சொல், லயத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களை வேறிடத்தில் உறங்கச் செய்யும் செயலாக மாறவில்லை. செய்தி அனுப்பப்பட்டமை வேறு; பெறப்பட்டமை வேறு; பெற்றபடி ஒழுகியமை வேறு. தொடர்த்துறையைச் சோதிப்போன் இம்மூன்றையும் வேறுவேறாகச் சோதிக்கின்றான். மனிதர் தம் செய்திகளையும் அவ்வாறு சோதிக்கக் கற்றல் வேண்டும்.

மாணவர்க்கு ஈண்டு ஒன்று கூறி முடிப்பேன். அன்று பிழையைக் கண்டவர் பொறியியலாளர் அல்லர், ஆசிரியனும் அல்லன். தாளொன்றில் நடுவே கோடிட்டு, தாய் கண்டதை ஒருபுறமும் கருவி எழுதியதை மறுபுறமும் வைத்து ஒப்பிட்ட மாணவி ஒருத்தியே. கங்காணியின் கைக்குறிப்பும் ஆலைப் புத்தகமும் அவளுக்குத் துணைநின்றன. ஆதலின் கருவி வந்துவிட்டதென்று கைக்கணக்கை விட்டுவிடுதல் தகாது. வாரத்தில் ஒருநாளேனும் தராசின் முகப்பையும் சீட்டையும் கையால் எழுதி ஒப்பிடும் வழக்கம் ஒவ்வொரு நிறுவை மடுவத்திலும் நிலைபெறுமாயின், பறித்த கொழுந்து பறித்தவர் பெயரிலேயே நிற்கும்.